அலை இல்லாத இடம்

காட்சிமேட்டு வளைவுக்குக் கீழே சவ வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் கார்கள், அவற்றுக்கும் முன்னால் கார்கள். பள்ளி விடுமுறை. தேயிலைச் சரிவு முழுவதும் மஞ்சளும் நீலமுமாக மழைக்கோட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முன் இருக்கையில் மகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்த குணவதி அவற்றைப் பார்க்கவில்லை. குவாந்தான் பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, சுங்கை கோயான் வழியாக மலையேறி, ரிங்லெட்டையும் தாண்டியாகிவிட்டது. இந்த வளைவைக் கடந்தால் வீடு.

பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து வந்த ஹரிதாஸ் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் கணவனின் தம்பி. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறவன். செய்தி கேட்ட அன்றே இறக்கிய மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடி வந்தவன்.

"நான் போயி காடியெல்லாம் நகத்தச் சொல்றேன் அண்ணி. நீங்க எறங்காதீங்க."

மழையில் ஒவ்வொரு காராகக் குனிந்து அவன் பேசிக்கொண்டு போனான். சிலர் சவ வண்டியைத் திரும்பிப் பார்த்து அவசரமாகப் பின்னால் எடுத்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சரிவில் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. நனைந்து திரும்பி வந்த ஹரிதாஸ் டிரைவரிடம், "அண்ணன் இருந்திருந்தா ரெண்டு விசில்ல ரோடு காலியாயிருக்கும்லா," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் ஏறிக்கொண்டான்.

குணவதியின் கணவன் சிவனேஸ்வரனுக்கு அந்த வளைவில்தான் வேலை. முன்பு உரம் போடுகிற கூட்டத்தை மேய்க்கிற மண்டோராக இருந்தான். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு தோட்டத்துத் துரை கூப்பிட்டு, ஒரு விசிலையும் சிவப்புச் சட்டையையும் கொடுத்து மேட்டில் ஜாகாவாக, காவலுக்கு, நிற்கச் சொல்லிவிட்டார். படம் எடுக்க வருகிறவர்கள் கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் அந்தச் சரிவு சோப்பு தேய்த்த மாதிரி. கீழே ஓடைப் பாறை அதைவிட மோசம். மாலையில் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு யார் எங்கே வழுக்கினார்கள் என்பதுதான் பேச்சு. "அழகா இருந்தா ஆபத்து இல்லன்னு நெனச்சிக்கிறாங்க குணா. விசில் ஊதித் திட்டுனா நமக்கே டாட்டா காட்டறானுங்க!" என்று சிரிப்பான்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. லோஷினி தாயின் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை. பத்து வயது. கடலிலிருந்து தூக்கி வந்த பிறகு அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். "அப்பா என் காத்து வளையத்தப் பிடிச்சிருந்தாங்க, அப்பறம் விட்டுட்டாங்க."

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் மாமியார் மாரியம்மா அதன்மேல் சாயவில்லை, அலறவும் இல்லை. முகத்துக்கு நேராக இருந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் பனி படர்ந்தது. மறுபடியும் துடைத்தாள்.

"ஏன்டா, இங்க இல்லாத தண்ணியா?" என்று மட்டும் கேட்டாள்.

பெண்கள் குணவதியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களுக்கும் அழுகை நின்று, கேள்விகள் வந்தன. எந்த ஊர்க் கடல், எத்தனை மணிக்கு, நீ எங்கே இருந்தாய். அவள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். சன்னலுக்கு வெளியே ஆண்கள் பேசுவது கேட்டது. பெரிய மண்டோர் சுப்பிரமணியம், கோயில் தலைவரும் அவர்தான், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் பலகைச் சுவர்.

"தண்ணி கிண்ணி போட்டிருந்தானாப்பா?"

"அண்ணன் தொடமாட்டாருன்னு ஒங்களுக்கே தெரியும்லா," என்றான் ஹரிதாஸ்.

"தெரியும்பா. ஆனா ஊருக்கே விசில் ஊதுறவன். நீச்சலும் தெரியாது. சும்மா போயி எறங்குவானா?"

குணவதிக்கு எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சும்மா இறங்கவில்லை என்று. ஆனால் அந்த மத்தியானத்தை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

லோஷினி கடலைப் பார்த்ததே இல்லை. அவளுக்காகத்தான் போனார்கள். கைப்பேசி ஒரு கடற்கரையைக் காட்டியது: வெள்ளை மணல், இரண்டு பக்கமும் பாறை, ஒரு ஆள் இல்லை. சவுக்குத் தோப்பு வழியாக ஒரு மண்பாதையையும் அதுவே காட்டியது. பெரிய பாதையில் வந்திருந்தால் எச்சரிக்கைப் பலகையும் சிவப்புக் கொடியும் கண்ணில் பட்டிருக்கும் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். இவர்கள் தோப்பைத் தாண்டி வெளியே வந்தபோது கடல் மட்டும்தான் இருந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில். அலைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து மணலில் விழுந்துகொண்டிருந்தன.

சிவனேஸ்வரன் மகளைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே விடவில்லை. வழியில் வாங்கிய காற்று வளையத்தை மாட்டிக்கொண்டு அவள் அழுதும் விடவில்லை. கரையோரமாகவே வெகுதூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது. "அங்க ஒரு எடம் இருக்கு. ரெண்டு பக்கமும் அலை அடிக்குது, நடுவுல மட்டும் ஒண்ணும் இல்ல. கொளம் மாதிரி சும்மா கெடக்கு." அதற்குப் பிறகும் அவன் அவசரப்படவில்லை. சவுக்குக் கிளை ஒன்றை ஒடித்து, சரிவில் நடக்கும்போது செய்வதுபோல் முன்னால் ஊன்றி ஊன்றி, முதலில் தான் மட்டும் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தான். தரை சமமாக இருக்கிறது என்றான். அதன் பிறகுதான் மகளைக் கூப்பிட்டான். குணவதி பைகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சிரிப்பது கேட்டது. பிறகு அவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். அவ்வளவுதான். விளையாடிக்கொண்டே தள்ளிப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

வெளியே ஏதோ கார் வந்து நின்றது. பேச்சு அடங்கியது. ஹரிதாஸ் உள்ளே வந்து, "அண்ணி, அவங்க வந்திருக்காங்க. பாப்பாவத் தூக்குனவரு," என்றான்.

குணவதி மகளோடு வெளியே வந்தாள். ஸுல்கிஃப்லி என்ற அந்த மீனவர் மெல்லிய சட்டையும் செருப்புமாகக் கூடாரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி. சவ வண்டிக்குப் பின்னாலேயே கிளம்பி, வழியில் தவறி, விசாரித்து விசாரித்து மலையேறியிருக்கிறார்கள். இந்தக் குளிரை அவர் எதிர்பார்க்கவில்லை. உதடு நடுங்கியது. ஹரிதாஸ் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டான். அவர் மறுக்கப் பார்த்து, முடியாமல், இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்போது தாயின் கையை விட்ட லோஷினி நடந்து போய் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை.

கிழக்குக் கரை மலாய் குணவதிக்குப் பாதிதான் பிடிபடும். அதை உணர்ந்தவர்போல் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். சொல்லாம எனக்குத் தூக்கம் வரல. நான் உங்களை முன்னாடியே பார்த்தேன்."

"எங்க, பாக்சிக்?" மாமா என்று மலாயில் அழைத்துக் கேட்டாள் குணவதி.

"பாறை மேல வலையை உலர்த்திக்கிட்டு இருந்தேன். உங்க கணவர் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அந்த இடத்துல இறங்கறதைப் பார்த்தேன். கத்தினேன். அலைச் சத்தத்துல கேக்காதுன்னு தெரியும். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். போங்க, வெளிய போங்கன்னு." அவர் கைகளைத் தூக்கிக் காட்டப் போய், சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "அவர் திரும்பிப் பார்த்தார். சிரிச்சார். அவரும் எனக்குக் கை ஆட்டினார்."

குணவதிக்கு ஞாபகம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் யாரையோ பார்த்துக் கையை ஆட்டியதும், அவள் பக்கம் திரும்பி, "பாரு குணா, முன்ன பின்ன தெரியாதவங்ககூட எப்படிக் கை காட்டறாங்க!" என்று கத்தியதும். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் சின்னதாக ஒரு உருவம். கை ஆட்டலாமா என்று யோசித்து, கூச்சப்பட்டு ஆட்டாமல் இருந்துவிட்டாள்.

"நான் படகை நோக்கி ஓடினேன். வயசாயிடுச்சு. அது பக்கத்துல இல்ல. நான் போய்ச் சேர்ந்தப்போ பிள்ளை மட்டும் வளையத்துல இருந்தா."

மழை கூடாரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அலையே இல்லாத எடம் பாக்சிக்," என்றாள் குணவதி. "தேடித் தேடிப் பாத்தாரு. மத்த எடத்துலல்லாம் பெரிய அலை. அதான் அங்க..."

"அதுதான் மா." அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேணும் இல்லையா? அதுதான் அந்த இடம். திரும்பிப் போற தண்ணிமேல அலை உடையாது. அதனால அமைதியா தெரியும். கால் வச்சா உள்ள இழுக்கும். மழைக் காலத்துல ஆறு மாதிரி ஓடும். இழுத்தா கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. பக்கவாட்டுல போகணும், கரைக்கு இணையா. கொஞ்ச தூரம் போனா அலையே உன்னைக் கொண்டு வந்து போட்டுடும். எங்க பிள்ளைங்களுக்கு இது தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு யார் சொல்றது? நான் போட்ட கொடி பெரிய பாதையில இருந்தது. அந்தத் தோப்புப் பக்கமும் ஒண்ணு கட்டியிருக்கணும்."

அவருடைய மனைவி மெதுவாக அவர் முதுகைத் தடவினாள்.

"நீங்க எம்புள்ளயக் கொண்டு வந்தீங்க," என்றாள் குணவதி. உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீர் கொண்டு வந்து அவர்கள் கையில் கொடுத்தாள். சாவு வீட்டில் கணவனை இழந்தவளே தேநீர் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுப்பிரமணியம் எழுந்து மழைக்குள் போய் நின்றார்.

கிளம்பும்போது மீனவர் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "போட்டுட்டுப் போங்க பாக்சிக், கீழ எறங்கற வரைக்கும் குளிரும்," என்று ஹரிதாஸ் வாங்க மறுத்துவிட்டான்.

பிறகு ஹரிதாஸின் கைப்பேசி ஒலித்தது. ஈப்போவிலிருந்து. அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பேசினான்.

"ஆமாங்க, அஞ்சு மணிக்குத்தான். மின்சுடலைக்கு நேரா வந்துடறோம். சாம்பல நாளைக்குக் காலையில வாங்கிக்கிறோம். அப்படியே லுமுட் போயி கடல்ல கரைச்சிட்டுத்தான் திரும்புவோம்."

லோஷினி நாற்காலியிலிருந்து இறங்கித் தாயிடம் வந்தாள். புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா. அப்பாவ மறுபடியும் கடலுக்கா கொண்டு போறாங்க?"

அது எல்லோருக்கும் கேட்டது. ஹரிதாஸ் கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கினான்.

"இல்ல," என்றாள் குணவதி. சொல்லும்வரை அவளுக்கே தெரியாது. "தம்பி, ஈப்போவுக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. எரிக்க வேண்டாம். இங்கயே பொதைச்சிடுங்க."

"அண்ணி..."

"இங்கயே."

"அண்ணி, நம்ம வீட்டு வழக்கம் இல்ல அது. அப்பாவுக்கும் அப்படித்தான் செஞ்சோம். லுமுட்லதான் கரைச்சோம். அண்ணன்தான் சட்டிய ஏந்திக்கிட்டு எறங்குனாரு." அவன் மழையைக் கை காட்டினான். "இந்த மழையில குழி எப்படி வெட்டறது சொல்லுங்க? மண்ணு நிக்காது. நாலு நாளா ஊத்துது."

"எனக்குத் தெரியாது தம்பி. அவர கடலுக்கு அனுப்ப மாட்டேன்."

ஒரு பெரியவர், அந்த ஆத்மா கரைந்தால்தானே போகும் என்று ஏதோ தொடங்கினார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாரியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"பொதைங்கடா. அவங்க அப்பாவத் தண்ணியில விட்டேன். வருஷத்துக்கு ஒருவாட்டி எங்க போயி விளக்கு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இவனுக்காவது போயி உக்கார ஒரு எடம் இருக்கட்டும்."

சுப்பிரமணியம்தான் முதலில் நகர்ந்தார். "மண்ணு வெட்டுற சங்கோல் எங்க இருக்கு? நாலு பேரக் கூப்பிடுறேன். தார்ப்பாய் ஒண்ணு எடுத்துக்கங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே தன் வயதையும் மறந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

நீர்மாலை எடுத்து வந்தார்கள். பெட்டியைத் திறந்து, குடத்துத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, குணவதியை ஊற்றச் சொன்னார்கள். குடத்தைத் தூக்கிய அவள் கை அப்படியே நின்றது. பிறகு கீழே வைத்துவிட்டு, ஒரு துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, அவன் நெற்றியையும் கன்னங்களையும் துடைத்தாள். காதோரம் இன்னும் மணல் இருந்தது. அதைச் சுண்டுவிரலால் எடுத்தாள். "போதும்மா, ஊத்துனதாவே இருக்கட்டும்," என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

பெட்டி கிளம்பியது. தப்பு மேளத்தின் சத்தம் மழையில் ஊறிப்போய்க் கேட்டது. கோயில் முனை வரைதான் பெண்கள். அங்கே நின்று பார்த்தார்கள். தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆண்கள் பெட்டியை மாற்றி மாற்றித் தோளில் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வழுக்கும் இடங்களில் முன்னால் போகிறவன் நின்று பின்னால் வருகிறவனுக்குச் சொன்னான். பனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது.

வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். யாரோ விளக்கு ஏற்றினார்கள். லோஷினி சுவரோரம் படுத்துத் தூங்கிப்போனாள். குணவதி பின்வாசலில் உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் இடுகாட்டுச் சவுக்கு மரங்களின் உச்சி தெரியும். இன்றைக்கு அதுவும் இல்லை. மழை வலுத்தது. வீட்டோரத்து மழைநீர்க் கான் நிரம்பிச் சத்தத்தோடு ஓடியது.

குழி வெட்டப் போனவர்களில் ஒருவன் மேட்டிலிருந்து ஓட்டமாக இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் நடையைக் குறைத்தான். எதுவும் சொல்லாமல் குளியலறைக்கு வெளியே கவிழ்த்திருந்த இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினான். கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓடினான்.

வாளி எதற்கு என்று குணவதி கேட்கவில்லை. மழையைப் பார்த்தாள். தான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க இனி வழி இல்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பானையில் வெந்நீர் போட்டாள். மாரியம்மா வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் நீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் ஆகியும் யாரும் வரவில்லை. நீர் கொதித்து, அடங்கி, இன்னொரு முறை சூடாக்க வேண்டியிருந்தது.

இருட்டப் போகிற நேரத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுப்பிரமணியத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். கடைசியாக ஹரிதாஸ் வந்தான். கையில் காலி வாளிகள். உள்ளேயும் வெளியேயும் மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டி, மார்பு வரை சேறு. குளிரில் தாடை தானாக ஆடிக்கொண்டிருந்தது. படியருகே வந்து வாளிகளை ஓரமாக, அவள் கண்ணில் படாதபடி வைத்தான்.

குணவதி வெந்நீரை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"தம்பி. தண்ணி இருந்துச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முடியிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது.

"இல்ல அண்ணி," என்றான். "காஞ்ச மண்ணுதான்."

"ம்."

"நல்ல எடம். தார்ப்பா கட்டிட்டோம். ஒரு சொட்டு இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து, அவன் பாதத்தில் வெந்நீரை ஊற்றினாள். மஞ்சளாக ஒரு கோடு சிமெண்டில் ஓடிக் கானில் விழுந்தது. அவன் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தான். மண் சீக்கிரம் விடவில்லை. அவள் மறுபடியும் மொண்டு, சூடு பார்த்து, ஊற்றினாள்.